கட்டிக்குள் கட்டி!

2014, மே மாதம். கத்திரி வெயில். விழுப்புரம் ஜங்ஷனில் விடியற்காலை தாம்பரம் பாசஞ்சர். சீசன் டிக்கெட் கோஷ்டி வழக்கம்போல ஜன்னலோரம் பிடித்துச் சீட்டுக்கட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தது. என் மடியில் ஒரு சோப்பு டப்பா. முண்டியம்பாக்கம் தாண்டும்வரை பொறுமையாக இருந்த எதிர் சீட்டு நண்பருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்ன சார், அப்படிப் பத்திரமாப் பிடிச்சிருக்கீங்க? மைசூர்பாகா?"

"இல்ல சார். எங்க சித்தியோட கட்டி."

சீட்டாட்டம் நின்றது. விக்கிரவாண்டி வரை யாரும் பேசவில்லை. பேரணியில் ஒருவர் மெதுவாக எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்!

பயப்பட ஒன்றுமில்லை. டப்பாவைத் திறந்தால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக, பிளாஸ்டிக் கூடு ஒட்டிய ஒரு வெள்ளை மெழுகு வில்லை. நடுவில் பழுப்பாக, உளுந்து வடையின் தூள் மாதிரி ஏதோ ஒன்று. ஓரத்தில் பென்சிலால் ஒரு நம்பர். அவ்வளவுதான். ஆனால், அந்த வில்லைக்குள்தான் திண்டிவனத்தில் முதுகு வலியோடு படுத்திருந்த என் சித்தியின் ஆயுசு அடங்கியிருந்தது.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2009-ல், சித்திக்கு மார்பில் ஒரு கட்டி. திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள் (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை). 'கேன்சர்தான், எடுத்தாச்சு, பயமில்லை' என்றார்கள். ஊசி போட்டார்கள். முடி கொட்டியது. முளைத்தது. மயிலம் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்த சித்தப்பா, "முருகன் கேட்டது ஒரு மொட்டை, டாக்டர் போட்டது இன்னொண்ணு" என்று ஜோக்கடித்தார். எல்லோரும் மறந்துபோனோம்.

2014-ல் முதுகு வலி. தைலம் தேய்த்தார்கள். ஸ்கேன் எடுத்ததில் நோய் எலும்புக்கு வந்திருந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"பழைய பிளாக் எங்கே?"

கறுப்புப் பணம் தெரியும், பிளாக் டிக்கெட் தெரியும். இது என்ன பிளாக்?

ஊறுகாய் டெக்னாலஜி

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை சும்மா விட்டால் கெட்டுப்போகும். மாங்காயை உப்பில் போடுகிற மாதிரி அதை ஃபார்மலினில் போடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் டாக்டர், ஃபார்மலின் கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலையின் நடுவே தன் விரல் நுனிகள் விறைத்துக் கெட்டியாகியிருப்பதைக் கவனித்தார். விரலைக் கெட்டியாக்குவது வெட்டியெடுத்த சதையையும் கெட்டியாக்கும் அல்லவா! அன்று முதல் உலகத்து ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இந்த ஊறுகாய்தான்.

ஊறிய துண்டை ஆல்கஹாலில் போட்டு ஈரத்தை வாங்குவார்கள். பிறகு சைலீன் என்ற திரவம். கடைசியில் உருக்கிய பாரஃபின் மெழுகு. மெழுகு உள்ளே புகுந்து ஆறினதும் சதையும் மெழுகும் ஒரே கட்டியாகிவிடும். கட்டிக்குள் கட்டி! இதுதான் பிளாக்.

அப்புறம் சிப்ஸ் கடை வேலை. மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்துச் சீவுவார்கள். நம்மூர் நேந்திரங்காய் சிப்ஸ் தடிமன் இல்லை சார், மூன்று அல்லது நான்கு மைக்ரான். அதாவது, ஒரு தலைமுடியின் கனத்தில் இருபது சீவல் போடலாம். ஒரு சீவலைக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் போட்டால் செல்லின் உட்கரு ஊதாவாகவும் மற்றது ரோஸ் நிறமாகவும் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'கேன்சரா, இல்லையா' என்று சொல்லிவிடுவார்கள்.

முக்கிய விஷயம் இனிமேல்தான். இரண்டு மூன்று சீவல் போக பிளாக்கில் பாக்கி அப்படியே இருக்கிறது. வெயில் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். அமெரிக்க நோயியல் டாக்டர்கள் சங்கத்தின் விதிப்படி குறைந்தது 10 வருஷம் பாதுகாக்க வேண்டும். நம் ஊரில்? சற்றுப் பொறுங்கள்.

அங்க அடையாளம்

உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'வலது முழங்கையில் ஒரு மச்சம், நெற்றியில் ஒரு தழும்பு' என்று இரண்டு அடையாளம் இருக்கும். கேன்சருக்கும் அப்படி அங்க அடையாளம் உண்டு. இதைத்தான் விஞ்ஞானிகள் பயோமார்க்கர் என்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு கட்டிகள் அடையாளத்தில் வேறு வேறு ஆளாக இருக்கும். ஒருத்தன் சில்லறைத் திருடன், இன்னொருத்தன் கொலைகாரன்.

மார்பகப் புற்றுநோயில் மூன்று அடையாளங்கள் முக்கியம். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒன்று (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோனுக்கு ஒன்று (பி.ஆர்.). ஈ.ஆரை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன்தான் சாவி. சாவி நுழைந்தால் கேன்சர் செல் 'வளர் வளர்' என்று வளரும். டாமாக்ஸிஃபென் மாத்திரை என்ன செய்கிறது? பூட்டுக்குள் உடைந்த சாவி மாதிரி மாட்டிக்கொள்கிறது. நல்ல சாவி நுழைய வழியில்லை. ஈ.ஆர். உள்ளவர்கள் ஐந்து வருஷம் இதைச் சாப்பிட்டால், அந்தக் காலத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஒரு மாத்திரைக்கு ஒரு டீ விலைகூட ஆகாது!

மூன்றாவது அடையாளம் ஹெர்-2. இதன் கதை சினிமா மாதிரி.

பழைய கட்டி, புதிய மருந்து

எண்பதுகளில் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லாமன் என்ற டாக்டருக்கு ஒரு விநோதப் பழக்கம். ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை எல்லாம் ஃப்ரீஸரில் சேர்த்துவைப்பார். சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா, அப்படி. ஜெனென்டெக் கம்பெனியில் ஆக்ஸெல் உல்ரிச் என்பவர் புதிதாகச் சில ஜீன்களைப் பிரித்தெடுத்திருந்தார். இவரிடம் கட்டி, அவரிடம் ஜீன். இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள்.

மொத்தம் 189 மார்பகக் கட்டிகள். அவற்றில் 30 சதவீதத்தில் ஹெர்-2 ஜீன் ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருகிக் கிடந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியிருந்தது, சீக்கிரம் இறந்துமிருந்தார்கள். 1987-ல் இந்த விஷயம் வெளியானது. வில்லனின் அடையாளம் தெரிந்துவிட்டதால் அவனுக்கென்றே ஒரு மருந்து செய்தார்கள். 1998-ல் ஹெர்செப்டின் விற்பனைக்கு வந்தது. விலை நம்மைப் போன்றவர்கள் கேட்டால் மயக்கம் போடுகிற விலை. 2014-ல் பெங்களூரு பயோகான் கம்பெனி அதே மாதிரி மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது.

'எதற்குப் பழைய கட்டி? புதுசாக எடுத்து ஆராய்ச்சி பண்ணக் கூடாதா?' என்று கேட்பீர்கள். பண்ணலாம். ஆனால், இன்றைக்கு ஆபரேஷன் ஆனவருக்கு நோய் திரும்புமா என்று தெரிய 10 வருஷம் காத்திருக்க வேண்டும். பழைய கட்டியில் கதையின் முடிவு ஏற்கனவே தெரியும். க்ளைமாக்ஸ் பார்த்துவிட்ட படத்தை மறுபடி போட்டு, 'முதல் ரீலிலேயே வில்லன் யார் என்று ஒரு துப்பு இருந்ததே, எப்படி விட்டோம்?' என்று தேடுகிற வேலை இது.

2004-ல் வெளியான ஆராய்ச்சி இதற்கு நல்ல உதாரணம். எண்பதுகளில் டாமாக்ஸிஃபென் சோதனையில் சேர்ந்த பெண்களின் மெழுகு பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள். 668 பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 21 ஜீன்கள். அவற்றை வைத்து ஒரு மார்க் ஷீட் போட்டார்கள். குறைந்த மார்க் வாங்கியவர்களில் 10 வருஷத்தில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியது 6.8 சதவீதம் பேருக்கு. அதிக மார்க் வாங்கியவர்களில் 30.5 சதவீதம். வாழ்க்கையில் குறைந்த மார்க் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே பரீட்சை இதுதான்! இன்று எத்தனையோ பெண்கள் தேவையில்லாத கீமோதெரபியிலிருந்து தப்பிப்பது, இருபது வருஷம் அலமாரியில் தூங்கிய அந்த மெழுகுக் கட்டிகளால்தான்.

நம்ம ஊர் கட்டி, நம்ம ஊர் கணக்கு

'அதான் அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்களே, நமக்கென்ன?' என்று விட்டுவிட முடியாது. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். இறந்தவர்கள் 98 ஆயிரம் பேர். இங்கே நோய் வருகிற வயதும் மேல்நாட்டைவிடக் குறைவு. மேற்சொன்ன மூன்று அடையாளமும் இல்லாத 'ட்ரிபிள் நெகட்டிவ்' ரகம் இங்கே அதிகம். பல இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கட்டுரை அதை 31 சதவீதம் என்றது. அடையாளமே இல்லாத திருடனை எப்படிப் பிடிப்பது? புது அடையாளம் தேட வேண்டும். அதற்கு நம் பெண்களின் திசுக்கள் வேண்டும்.

இதற்காகவே சென்னை ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி ஒன்றை நடத்துகின்றன. பேங்க் என்றதும் வட்டி எவ்வளவு என்று கேட்காதீர்கள். வட்டி உங்கள் பேத்திக்குத்தான் கிடைக்கும்!

2025 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. ஒரு ஜீன் தொகுப்பை வெளியிட்டது. பெயர், பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ். 480 மார்பகப் புற்றுநோயாளிகள், 960 மாதிரிகள். ஏன் இரட்டிப்பு? ஒவ்வொருவரிடமும் ரத்தம் ஒன்று, கட்டி ஒன்று. ரத்தத்தில் இருப்பது பிறவியிலேயே வந்த ஒரிஜினல் டாக்குமெண்ட். கட்டியில் இருப்பது திருத்தி எழுதிய போலிப் பத்திரம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த வரியில் கை வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

பெங்களூருவில் ஆன்கோஸ்டெம் என்ற கம்பெனி, ஆஸ்பத்திரிகளில் சேர்ந்திருந்த பழைய மெழுகு பிளாக்குகளை வைத்தே ஐந்து புரதங்களைப் பார்க்கும் ஒரு சோதனையை உருவாக்கியது. யாருக்குக் கீமோதெரபி தேவை, யாருக்கு வேண்டாம் என்று கணிக்க அது உதவுகிறது.

கெட்டுப்போன ஊறுகாய்

இத்தனை விஞ்ஞானமும் ஒரு சின்ன இடத்தில் காலை வாரிவிடும். அது திண்டிவனம், விழுப்புரம் மாதிரி ஊர்களில் சனிக்கிழமை சாயந்திரம் நடக்கிற ஆபரேஷன்.

எடுத்த கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். கட்டி மாதிரி பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். விதி இதுதான். நடப்பது? சின்ன பாட்டிலில் பெரிய கட்டியைத் திணிப்பார்கள். சில சமயம் ஃபார்மலின் தீர்ந்துபோய் சலைனில் போடுவார்கள். ஞாயிறு லீவு; திங்கள்கிழமை 'டேய், இதை லேப்ல குடுத்துட்டு வா' என்று பையன் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவன் வழியில் டீ குடிப்பான். வெளியில் ஊறி உள்ளே அழுகிய மாங்காய் மாதிரி, கட்டியின் நடுவில் அடையாளங்கள் அழிந்துவிடும். ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். நெகட்டிவ்' என்று வரும். பூட்டு இல்லாமல் இல்லை சார், பூட்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது! நம் நாட்டில் ட்ரிபிள் நெகட்டிவ் அதிகமாகத் தெரிவதில் ஒரு பங்கு இப்படி வந்ததோ என்று டாக்டர்களே சந்தேகப்படுகிறார்கள். ஒரு பாட்டில் ஃபார்மலினில் மிச்சம் பிடித்தவர்கள் ஒரு பெண்ணின் ஐந்து வருஷ மாத்திரையைப் பறித்துவிடுகிறார்கள்.

சித்தி விஷயத்தில் அந்தச் சோதனையே நடக்கவில்லை. 2009 ரிப்போர்ட்டில் 'கேன்சர்' என்று ஒரு வரி, ஈ.ஆர். பற்றி ஒரு எழுத்து இல்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. பி.காம். படித்து, ஆபீசில் ஆயிரம் ஃபைலை நோட்டம் விடுகிற நான், வீட்டு ஃபைலை ஒரு தடவை ஒழுங்காகப் படிக்கவில்லை.

"இப்ப எலும்புலேருந்தே எடுத்துப் பாக்கலாமே டாக்டர்?" என்றேன்.

"பாக்கலாம். ஆனா எலும்பைச் சீவணும்னா ஆசிட்ல ஊறவைக்கணும். அதுல இந்த அடையாளம் எல்லாம் போயிடலாம். பழைய பிளாக் கிடைச்சா அதுதான் நல்லது."

வேட்டை ஆரம்பித்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில், "நாங்க விழுப்புரம் லேபுக்கு அனுப்பிடுவோம்" என்றார்கள். விழுப்புரத்தில் அந்த முகவரியில் செல்போன் கடை. லேப் இடம் மாறியிருந்தது. கண்டுபிடித்துப் போனால், "அஞ்சு வருஷமா? இருக்காது சார்" என்று தலையை நிமிர்த்தாமலே பதில். மூன்று நாள் நடந்தேன். நாலாவது நாள் வயசான டெக்னீஷியன் ஒருவர் மனம் இரங்கி மாடிப்படி அடியில் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டினார். கரப்பான் பூச்சி, பழைய டயர், தேர்தல் போஸ்டர் எல்லாவற்றுக்கும் அடியில் '2009' என்று எழுதிய பெட்டி. இரண்டு மணி நேரம் தேடினோம். நம்பர் பொருந்தியது.

"உங்க சித்திக்கு ஆயுசு கெட்டி சார். அடுத்த மாசம் இதையெல்லாம் எரிக்கறதா இருந்தோம்" என்றார்.

சோப்பு டப்பா வாங்கியது அப்போதுதான். வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, விடியற்காலை ரயிலைப் பிடித்ததும் அதனால்தான்.

யாருடைய சொத்து?

பிளாக்கில் மிச்சம் இருக்கிறதே, அதில் ஆராய்ச்சி செய்யலாமா? கேட்டுவிட்டுச் செய்யலாம். 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். அவை இன்றும் உலகம் முழுக்க ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்கின்றன. அதில் பலர் சம்பாதித்தார்கள்; குடும்பத்துக்கு வெகுகாலம் விஷயமே தெரியாது. ஒரு கம்பெனியோடு சமரசம் ஏற்பட 2023 வரை ஆனது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் திசு சேமிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நோயாளியின் சம்மதம் பற்றி விளக்கமாகச் சொல்கின்றன. எனவே, ஆஸ்பத்திரியில் கையெழுத்து போடும் பத்து காகிதங்களில் ஒன்று இதுவாக இருக்கலாம். படித்துப் பார்த்துப் போடுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும் உரிமை உண்டு. அதனால் வைத்தியம் நிற்காது.

ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை

'இது லேடீஸ் சமாசாரம்' என்று பக்கத்தைத் திருப்பப்போகிற நண்பரே, நில்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர் ஆண். அதைவிட, வீட்டில் ஆஸ்பத்திரிக்கு ஃபைல் தூக்குவது பெரும்பாலும் நீங்கள்தான். அம்மாவோ, அக்காவோ, மனைவியோ வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். கேட்க வேண்டியது நீங்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

• எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போகிறதா? 'சாதாரணக் கட்டிதான்' என்று குப்பையில் போட விடாதீர்கள்.

• ஃபார்மலினில் போட்டார்களா? எத்தனை மணிக்கு? பாட்டிலில் நேரம் எழுதச் சொல்லுங்கள்.

• ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இருக்கிறதா?

• பிளாக் எந்த லேபில், எந்த நம்பரில் இருக்கிறது? ரேஷன் கார்டு நம்பர் எழுதுகிற டைரியிலேயே எழுதி வையுங்கள்.

• பிளாக்கை வாங்கிவந்தால் நிழலில் வையுங்கள். பைக் பெட்ரோல் டேங்க் கவரில் வேண்டவே வேண்டாம்.

சித்தி கதையை முடிக்கிறேன். சோப்பு டப்பா சென்னை போய்ச் சேர்ந்த பத்தாவது நாள் ரிப்போர்ட் வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ். பலமான பாசிட்டிவ். அதாவது, 2009-லேயே அந்த டீ விலை மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எலும்புக்கு வராமலே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்... அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாதம் சித்தி எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷம் சின்ன மகனின் கல்யாணத்தில் பந்தி பந்தியாக விசாரித்து, "என்னாப்பா, ரசம் போதுமா?" என்று என் இலைக்கும் வந்தார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார்.

நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரியில், பிளாக்கில் மிச்சம் இருப்பதை ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று கேட்டு ஒரு காகிதம் நீட்டினார்கள். நான் முழுசாகப் படித்துச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். சித்தி கேட்டுவிட்டுக் கேட்டார்:

"அத வெச்சி என்னா பண்ணுவாங்க?"

"பெரிய பெரிய காலேஜ்ல வெச்சிப் படிப்பாங்க சித்தி. நாளைக்கு வேற யாருக்காவது உதவும்."

பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்து போட்டார். அப்புறம் சிரித்தார்.

"நான் எட்டாங்கிளாஸ் தாண்டல தம்பி. எங்கட்டியாவது காலேஜுக்குப் போவுதே!"